தியானத்தில் கிடைக்கும் அமைதி வீட்டுக்குள் ஏன் நிற்பதில்லை?

ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் 40 நிமிடம் தியானத்தில் அமரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அமர்ந்திருக்கும்போது அவருடைய மனம் தெளிந்த நீர்போல் இருக்கிறது. ஆனால் அண்மையில் ஒருநாள், எழுந்து அறைக்கதவைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில், பள்ளிப் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்த 15 வயது மகனிடம், "இதை நேற்றே கேட்கத் தெரியாதா?" என்று வீடே அதிரும்படி கத்திவிட்டார். மகன் நேற்றும் கேட்டிருந்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. "இதற்காகத்தான் தினமும் கண்ணை மூடி உட்காருகிறீர்களா?" என்று மனைவி கேட்ட கேள்வி அவரை ஆழமாகத் தைத்திருக்கிறது. அவர் அறிய விரும்புபவை மூன்று: இத்தனை ஆண்டுப் பயிற்சியும் வீண்தானா, குடும்ப வாழ்க்கை ஆன்மிக வளர்ச்சிக்குத் தடையா, தியான நேரத்தைக் கூட்டினால் இது சரியாகுமா. மனநல ஆலோசகனாகப் பல ஆண்டுகள் தம்பதியரோடு உட்கார்ந்து பேசியவன் என்ற முறையிலும், நானும் நாள்தோறும் தியானத்தில் அமர்பவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் பயிற்சி வீணாகவில்லை. அதை எதைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. கோபமே எழாத நிலையை நீங்கள் முதிர்ச்சியின் அடையாளமாக வைத்திருக்கிறீர்கள். அதனால் கோபம் எழும் ஒவ்வொரு முறையும் ஆறு ஆண்டு உழைப்பும் ஒரே நொடியில் கரைந்துபோனதாகத் தோன்றுகிறது. நான் பார்த்தவரையில், விலகிப்போன இடத்திலிருந்து எவ்வளவு விரைவாகவும் நேர்மையாகவும் திரும்பி வருகிறோம் என்பதில்தான் ஒருவருடைய வளர்ச்சி தெரியும். அன்புக்கும் இதுவே அளவு, ஆன்மிகத்துக்கும் இதுவே அளவு. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உறவுகளைப் பற்றி உளவியல் கடந்த எழுபது ஆண்டுகளில் கண்டறிந்தவற்றுள் மிக முக்கியமானவை பலவும் இந்த ஒரு புள்ளியைத்தான் சுட்டுகின்றன.

முதலில், அலுவலகத்தில் பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர் வீட்டில் மட்டும் ஏன் பொங்குகிறார் என்பதைப் பார்ப்போம். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் போல்பி, குழந்தை தாயோடு ஒட்டிக்கொள்வது உணவுக்காக மட்டுமன்று, ஆபத்தில் பாதுகாப்பைத் தேடும் உயிரியல் ஏற்பாடு அது என்று விளக்கினார். அந்தப் பிணைப்பு தொட்டிலில் தொடங்கி இறுதிவரை நம்மோடு வருகிறது என்பதும் அவருடைய கருத்து. சின்டி ஹசன், ஃபிலிப் ஷேவர் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்தவர்களின் காதலிலும் இதே பிணைப்பின் வடிவங்கள் இருப்பதைக் காட்டியது. 2006-இல் ஜேம்ஸ் கோன் என்ற ஆய்வாளர், திருமணமான 16 பெண்களை மூளை வருடிக் கருவிக்குள் படுக்கவைத்து, மின்அதிர்ச்சி வரக்கூடும் என்ற எச்சரிக்கையைக் காட்டினார். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது அச்சத்துக்கு மூளை காட்டிய எதிர்வினை தணிந்தது. முன்பின் அறியாத ஒருவரின் கையைப் பிடித்தபோது அந்த அளவுக்குத் தணியவில்லை. மணவாழ்வில் நிறைவு மிகுந்தவர்களுக்குத் தணிவும் மிகுதியாக இருந்தது.

இதன் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். எவருடைய கை நம் அச்சத்தைத் தணிக்க வல்லதோ, அவருடைய முகச்சுளிப்புதான் நம்மை வேறு எவரையும்விட வேகமாகக் கலங்கடிக்கும். மேலதிகாரி பத்துப் பேர் முன்னிலையில் குறை சொன்னாலும் தாங்கிக்கொள்கிறோம். மனைவியின் குரலில் ஒரு சிறு சலிப்பு தென்பட்டால் தாங்க முடிவதில்லை. அங்கே நம் வேலை கேள்விக்குள்ளாகிறது, இங்கே நாமே கேள்விக்குள்ளாகிறோம். ஆகவே வீட்டில் வரும் கோபத்தை ஆன்மிகக் குறைபாடு என்று உடனே முத்திரை குத்திவிட வேண்டாம். அதன் அடியில் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கும்: என்னை மதிக்கவில்லையோ, என்னால் முடியாததைக் கேட்கிறார்களோ, நான் நல்ல தந்தை இல்லை என்று தெரிந்துவிட்டதோ. உங்கள் மகன் படிவத்தை நீட்டியபோது, நேற்று மறந்துபோன தந்தையை அவன் உங்களுக்கே காட்டினான். அந்தக் காட்சியைத் தள்ளிவிடத்தான் குரல் உயர்ந்தது என்று நினைக்கிறேன்.

இங்கே தியானம் செய்பவர்களுக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். உளவியல் சிகிச்சையாளரும் பௌத்தப் பயிற்சியாளருமான ஜான் வெல்வுட் 1984-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்; தமிழில் 'ஆன்மிகக் குறுக்குவழி' எனலாம். மனக்காயங்களையும் தீராத ஏக்கங்களையும் எதிர்கொள்ளாமல், அவற்றைத் தாண்டிச் செல்வதற்கு ஆன்மிகக் கருத்துகளையும் பயிற்சிகளையும் பயன்படுத்துவதே அது. "எனக்குப் பற்று இல்லை" என்று சொல்பவர் உண்மையில் நெருங்க அஞ்சுபவராக இருக்கலாம். "நான் எதையும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை" என்பவர், எதிரில் இருப்பவர் தம் வருத்தத்தைச் சொல்லவே இடம் தராதவராக இருக்கலாம். என்னிடம் வந்த ஒரு பெண், "இவர் கத்தும்போதுகூட எனக்குத் தாங்குகிறது, கத்திவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறாரே, அப்போதுதான் நான் இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன்" என்றார். கணவர் அதைக் கேட்டுத் திகைத்துப்போனார். அவர் அதுவரை அந்த அமர்வைத் தம் பரிகாரமாகவே கருதி வந்தார். அமைதி அவருக்குக் கிடைத்தது; காயம் மனைவியிடமே தங்கிவிட்டது.

ஆகவே நேரத்தைக் கூட்டினால் சரியாகுமா என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு, கூட்டினால் மட்டும் சரியாகாது என்பதே என் பதில். ஆனால் தியானத்தில் நீங்கள் ஏற்கெனவே கற்றிருக்கும் ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவர முடியும். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கிறீர்கள். சிறிது நேரத்தில் மனம் எங்கோ போய்விடுகிறது. போய்விட்டது என்று தெரிய வருகிறது. கவனத்தை விடுவித்து மீண்டும் மூச்சுக்குக் கொண்டுவருகிறீர்கள். 2012-இல் வெண்டி ஹசன்காம்ப் தலைமையிலான ஆய்வுக் குழு, தியானப் பயிற்சி உள்ள 14 பேரை மூளை வருடிக் கருவியில் இருத்தி, மனம் அலைந்ததை உணரும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி, இந்தச் சுற்றின் நான்கு கட்டங்களிலும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் இயங்குவதைப் பதிவு செய்தது. அலைதல், உணர்தல், திருப்புதல், நிலைத்தல் என்ற இந்நான்கில் பயிற்சி என்று சொல்லத்தக்கவை நடுவில் உள்ள இரண்டும்தான். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே, அலையும் கவனத்தை மீண்டும் மீண்டும் வலிந்து திருப்பிக் கொண்டுவரும் ஆற்றல்தான் நடத்தைக்கும் மனவுறுதிக்கும் வேர் என்று எழுதினார். மனம் அலையாத ஒருவருக்குத் திருப்பிக் கொண்டுவரும் பயிற்சி எங்கிருந்து கிடைக்கும்?

இதே அமைப்பு உறவிலும் இருக்கிறது. போல்பியோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் எளிய சோதனையை வகுத்தார். பழக்கமில்லாத அறையில் தாயும் குழந்தையும் இருக்கிறார்கள். தாய் சிறிது நேரம் வெளியே போய்த் திரும்புகிறார். தாய் போனதும் குழந்தை அழுகிறதா என்பதே முக்கியம் என்று நாம் நினைப்போம். பாதுகாப்பாகப் பிணைந்த குழந்தைகளிலும் பல அழத்தான் செய்கின்றன. ஐன்ஸ்வொர்த் கூர்ந்து பார்த்தது தாய் திரும்பி வரும் தருணத்தை: குழந்தை அவரை நாடிச் செல்கிறதா, தூக்கியதும் தேறிவிடுகிறதா, தேறியபின் விளையாட்டுக்குத் திரும்புகிறதா. பிணைப்பின் தரம் பிரிவின்போது தெரிந்ததைவிட மீண்டும் சேர்ந்தபோது தெளிவாகத் தெரிந்தது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த சோதனையும் இதையே வேறு விதமாகக் காட்டுகிறது. குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சொல்லி வைத்தபடி, சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் இருக்கிறார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் எழுப்புகிறது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அழுகிறது. பார்க்கவே மனம் பதைக்கும். ஆனால் ட்ரோனிக்கின் ஆய்வுகளில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று: இயல்பான, நலமான தாயும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் உணர்வில் இசைந்திருப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு நேரம்தான். மீதி நேரமெல்லாம் இசைவு தவறுவதும் அதைச் சரிசெய்துகொள்வதுமாகவே கழிகிறது. அந்தச் சரிசெய்தலிலிருந்துதான், விலகிப்போனது மீண்டும் கூடும் என்ற நம்பிக்கையைக் குழந்தை கற்றுக்கொள்கிறது. ஒருபோதும் பிசகாத தாய் ஒருவர் இருந்தால், அவருடைய குழந்தைக்கு அந்த நம்பிக்கை கிடைக்க வழியே இருக்காது. தன்னைச் சிறந்த தாயில்லை, சிறந்த தந்தையில்லை என்று நொந்துகொள்ளும் எவரிடமும் இந்த 30 என்ற எண்ணை நான் சொல்லாமல் விடுவதில்லை.

சரி, கோபம் பொங்கிய அந்த நேரத்தில் என்ன செய்வது? அப்போது செய்யக்கூடியது மிகக் குறைவு. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிய நிலையில், எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழும், மனத்தில் ஏறாது. தம்பதியரின் உரையாடல்களைச் சியாட்டிலில் பல்லாண்டுகள் பதிவு செய்து ஆராய்ந்த ஜான் காட்மன், சண்டை முற்றிய நிலையில் இருந்த தம்பதியரை, கருவியில் சிறு பழுது என்று சொல்லி நிறுத்தி, அரைமணி நேரம் எதுவும் பேசாமல் பத்திரிகை படிக்க வைத்தார். மீண்டும் பேசத் தொடங்கியபோது அவர்கள் வேறு மனிதர்களைப் போல் பேசினார்கள். உடல் தணிவதற்குக் குறைந்தது 20 நிமிடம் தேவை என்று அவர் சொல்வது இதனால்தான். அந்த நேரத்தில், "அவன் என்ன சொன்னான், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்" என்று மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருந்தால் உடல் தணியாது. உங்கள் தியானப் பயிற்சி இங்கே நேரடியாகக் கைகொடுக்கும். ஆனால் எழுந்து போகும்போது ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போங்கள்: "இப்போது பேசினால் தப்பாகப் பேசிவிடுவேன், அரைமணி நேரத்தில் வருகிறேன்." பிறகு சொன்னபடி வாருங்கள். எதுவும் சொல்லாமல் போய்விட்டால், அசைவற்ற அந்தத் தாயின் முகத்தைத்தான் நீங்கள் அவர்களிடம் விட்டுச் செல்கிறீர்கள்.

திரும்பி வந்து என்ன சொல்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "கத்தியதற்கு மன்னித்துக்கொள், ஆனால் நீயும் கடைசி நேரத்தில் வந்து நின்றால் எப்படி?" என்ற வாக்கியத்தில் 'ஆனால்' என்ற சொல் வந்ததும் மன்னிப்பு முடிந்து வழக்கு தொடங்கிவிடுகிறது. "என்னை மன்னித்துவிடு, நான் ஒரு மோசமான அப்பா" என்பதும் உதவாது. அதைக் கேட்ட மகன் தன் வருத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களைத் தேற்ற வேண்டியவனாகிறான். குற்றவுணர்வையும் அவமான உணர்வையும் உளவியலார் வேறுபடுத்திப் பார்ப்பது இந்த இடத்தில் மிகவும் பயன்படும். 'நான் செய்தது தவறு' என்பது குற்றவுணர்வு. அது மனிதரைச் சரிசெய்யத் தூண்டுகிறது. 'நானே தவறானவன்' என்பது அவமான உணர்வு. அது ஒளிந்துகொள்ளவோ பழியைப் பிறர்மேல் போடவோ தூண்டுகிறது. "இத்தனை ஆண்டு தியானம் செய்தும் நான் இப்படித்தானே இருக்கிறேன்" என்ற உங்கள் வேதனை இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அடக்கம்போல் அது தோற்றம் தருகிறது. ஆனால் அதில் மகன் எங்குமே இல்லை, நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள். அவனிடம் சொல்ல வேண்டியது எளிமையானது: "நேற்றே நீ கேட்டிருந்தாய். நான்தான் மறந்தேன். மறந்தது நான், கத்து வாங்கியது நீ. அது சரியில்லை." அதன்பிறகு நிறுத்திக்கொள்ளுங்கள். அவன் ஏதாவது சொன்னால் கேளுங்கள்.

சண்டை இல்லாத நேரங்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். திரும்பி வருவதற்கான பாதை அப்போதுதான் போடப்படுகிறது. ஒரு மாலையில் மனைவி சன்னலருகே நின்றுகொண்டு, "மழை வருகிறது, பார்த்தீர்களா?" என்கிறார். கணவர் கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருக்கிறார். அவர் தலைநிமிராமல் 'ம்' என்று சொல்லலாம். எதுவும் சொல்லாமல் இருக்கலாம். அல்லது கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய், அவருடைய தோளருகே நின்று, அரை நிமிடம் மழையைப் பார்க்கலாம். மனைவி மழையைப் பற்றித் தகவல் தரவில்லை, 'என்னோடு இருக்கிறீர்களா?' என்று கேட்கிறார். காட்மனின் ஆய்வில், திருமணமாகி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் சேர்ந்து வாழ்ந்த தம்பதியர், இத்தகைய சிறு அழைப்புகளுக்கு 86 விழுக்காடு செவிசாய்த்திருந்தார்கள். பிரிந்துபோனவர்களிடம் அது 33 விழுக்காடாக இருந்தது. இந்த அரை நிமிடத்தில் நடப்பதும் தியானத்தில் நடப்பதும் ஒன்றே என்பது என் உறுதியான எண்ணம்: எங்கோ இருந்த கவனம், இங்கே இருப்பதன்மேல் திரும்பி வந்து தங்குகிறது.

குடும்பம் தடையா என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. வள்ளுவர் அன்புடைமையை 8-ஆம் அதிகாரமாக இல்லறத்தில் வைத்தார். அருளுடைமையை 25-ஆம் அதிகாரமாகத் துறவறத்தின் தொடக்கத்தில் வைத்தார். வேறோர் இடத்தில், அருளை அன்பு ஈன்ற குழந்தை என்கிறார். எல்லா உயிர்கள்மேலும் படரும் அருள், நம்மோடு தொடர்புடைய சிலரிடம் காட்டும் அன்பிலிருந்துதான் பிறக்கிறது என்ற இந்த வரிசைமுறையை மாற்றிப் போட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. முன்பின் தெரியாதவர்கள்மேல் கருணை கொள்வது எளிது. அவர்கள் நம் மறதியை நமக்குக் காட்டுவதில்லை. தனியே சென்று வாழ்ந்தால் உங்கள் கோபம் குறைந்ததுபோல் இருக்கும். அதைத் தூண்டுபவர் அருகில் இல்லாததால் அது வெளிவராமல் இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் இதையெல்லாம் சொல்லும்போது ஒரு எல்லையையும் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். அடி, மிரட்டல், இடைவிடாத இழிசொல், பணத்தையும் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்துதல் ஆகியவை உள்ள உறவுக்கு நான் இங்கே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பொறுத்துக்கொள்வதை ஆன்மிகம் என்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஒவ்வொரு முறை அடித்தபின்னும் அழுது மன்னிப்புக் கேட்பதற்குப் பெயர் திரும்பி வருதல் இல்லை. அத்தகைய நிலையில் இருப்பவர் முதலில் தேட வேண்டியது தம் பாதுகாப்பை. உங்களுடைய கோபம் வீட்டாரை அஞ்சி ஒதுங்க வைக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் அவர்களிடமே கேளுங்கள். ஆம் என்று அவர்கள் சொன்னால், ஆலோசகர் ஒருவரை நேரில் சென்று பாருங்கள்.

தியானத்துக்கு அதே 40 நிமிடம் போதும். அதில் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் வேறு விதமாகச் செலவிடுங்கள். முந்தைய நாளில் நீங்கள் விலகிப்போன ஒரு தருணத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தீர்ப்புச் சொல்லாமல், உடலில் எங்கே இறுக்கம் தெரிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தாடையிலோ, நெஞ்சிலோ, வயிற்றிலோ தெரியும். அந்த இறுக்கத்தோடு சில மூச்சுகள் இருங்கள். பிறகு எதிரில் இருந்தவரின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த முகத்தை நினைத்துப் பார்க்கும் இடத்தில்தான் பலருக்குக் கண் கலங்கும், கலங்கட்டும். எழுந்து கதவைத் திறக்கும் முன், இன்று அவரிடம் சொல்ல ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகனிடம் முதல் முறை பேசும்போது அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இருக்கலாம். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடலாம். 15 வயதில் அது இயல்பு. இத்தனை நாள் வராத ஒன்று இப்போது வருகிறதே என்று அவன் சோதித்துப் பார்க்கவும் செய்வான். விடாப்பிடியாகப் பதிலை எதிர்பார்க்க வேண்டாம். அடுத்த முறை கையெழுத்து வாங்க அவன் வரும்போது, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தை அவன் எதிரிலேயே ஒருமுறை படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்.